படலுக்கு இந்தப் பக்கம்

இன்னொரு முறை தடவிப் பார்த்துவிட்டால் நிம்மதி. வடக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போகிறேன், ஆணி இல்லை, சிராய் இல்லை, முன்பு லாந்தர் மாட்டிய கொக்கி இருந்த இடத்தில் ஒரு பள்ளம், அதையும் நேற்றே மண் குழைத்துப் பூசியாயிற்று, காய்ந்துவிட்டது, விரல் நுனியில் தூள் மட்டும் வருகிறது. பிறக்கிற குட்டி முதல் தடவை எழுந்திருக்கும்போது எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்குத் தெரியும், சுவரில்தான் சாயும், சாய்கிற இடத்தில் ஒன்றும் குத்தக் கூடாது. கெம்பு என்னையே பார்க்கிறாள். நான் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மூன்று ஆடிக்கு முன்னால் அந்தியூர்க் குதிரைச் சந்தையிலிருந்து கனகராசு அவளைப் பிடித்துக்கொண்டு வந்தபோதும் இப்படித்தான், தெருவே கூடி நின்று சுழி பார்த்தது, நெற்றிச் சுழி நல்ல சுழி என்றார்கள், அவள் ஒவ்வொரு முகத்திலிருந்தும் தன் முகத்தைத் திருப்பித் திருப்பிக் கடைசியில் ஆளில்லாத மூலையைக் கண்டுபிடித்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மூலையில் நான் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கே தெரிந்துவிட்டது எனக்கு. கனகராசு என் அண்ணன் மகன், குதிரைமேல் ஆசை அவனுக்கு, எனக்கு மாடுதான் தெரியும், ஐம்பது வருஷமாக மாட்டுக் கொட்டகையில் கிடப்பவன், குதிரை என்றால் கோயிலில் நிற்கிற மண்குதிரை. ஆனால் கொள்ளு வேகவைப்பதும் தண்ணீர் காட்டுவதும் லத்தி அள்ளுவதும் யாரும் சொல்லாமலே என் கைக்கு வந்து சேர்ந்தன. ஈரச் செங்கல் நிறம் அவளுக்கு. இன்றைக்கு அந்த நிறம் இன்னும் கருத்திருக்கிறது. காதுக்குப் பின்னால் நனைந்தாற்போல. வெயிலாக இருக்கும். ஆவணி வெயில்.

வைக்கோலை இன்னொரு தடவை உதறிப் போடலாமா? உதறியாயிற்று. ஒன்பது கட்டு, ஓரங்களில் கொஞ்சம் உயர்த்தி, நடுவில் கிண்ணம்போல. பழைய வேட்டியைக் கிழித்து வாலில் சுற்றியாயிற்று, இறுக்கமில்லாமல். லாடத்தைப் போன வாரமே கழற்றியாயிற்று. கயிற்றை அவிழ்த்துவிட்டேன், மேற்கே திறந்த பக்கத்தில் இரண்டு மூங்கிலைக் குறுக்கே போட்டாயிற்று. கிழக்கே மூங்கில் பின்னிய படல் இருக்கிறது. தெற்கே சுவர். அவள் விரும்பினபடி திரும்பலாம், படுக்கலாம். வாளி, சோப்பு, தொப்புளுக்கு அயோடின், துவைத்துக் காயவைத்த துணி. ஆனால் எல்லாம் இன்னும் எட்டு நாளைக்கு அப்புறம்தானே, போன புரட்டாசி மூன்றாம் சனியன்று ஆண்குதிரையோடு சேர்த்தது, பதினொரு மாதமும் கொஞ்சமும், என் கணக்கு தப்பியதில்லை, எத்தனை மாடுகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அப்புறம் ஏன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது, பந்தயத்துக்குப் போகிறவனைப் போல. காலையிலிருந்து ஒரு துள்ளல். வீட்டில் யாரும் இல்லாததாலா? கோபியில் கல்யாணம், எல்லோரும் விடிவதற்குள் கிளம்பிவிட்டார்கள். கனகராசு பெண்டாட்டி வளர்மதி வண்டியில் ஏறப்போனவள் இறங்கி வந்தாள். "சின்ன மாமா, நெசமாலுமே வல்லீங்களா? புதுச் சட்டை தேய்ச்சு வெச்சிருக்கறனுங்க." "இல்லம்மா. கெம்பு இருக்குது." "எட்டு நாள் இருக்குதுன்னு நீங்கதான கணக்குச் சொன்னீங்க?" "இருக்குது. இருந்தாலும்." கனகராசு உள்ளேயிருந்து கத்தினான், "உடு புள்ள, சித்தப்பாவுக்குப் பந்தியில உக்காந்தா சோறு எறங்காது, கெம்புகூட உக்காந்தா கொள்ளே எறங்கும்." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், உண்மைதானே. இலைக்கு எதிரே நின்று யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் என் கை வாய்க்குப் போகாது. வளர்மதி மட்டும் சிரிக்கவில்லை. கொட்டகைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "இந்தத் தடவையாவது நல்லபடியா நிக்கோணும் மாமா" என்றாள். போய்விட்டார்கள். வண்டிச் சத்தம் தேய்ந்ததும் வீடு எவ்வளவு பெரியதாகிவிட்டது. அப்போதுதான் கெம்பு ஒரு நீண்ட மூச்சு விட்டாள், உதடு படபடக்க. நானும் விட்டேன்.

போன தடவை. வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், நல்ல நாள், ஆனால் நினைப்பு வேண்டாம் என்றால் நிற்கிறதா. போன தடவை தெருவே வந்துவிட்டது. நாற்காலி போட்டார்கள். செல்போன் வெளிச்சம், யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள், யாரோ பெயர் வைத்தார்கள். கெம்பு படுப்பாள், ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவாள், மறுபடி படுப்பாள், எழுவாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. குட்டி வெளியே வந்தபோது அசையவில்லை. நல்ல குட்டி, நெற்றியில் வெள்ளை, எல்லாம் சரியாக இருந்தது, மூச்சைத் தவிர. கூட்டம் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்கப்புறம்தான் அந்தச் சத்தம். கனைப்பு இல்லை, கனைப்பு எனக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் அடித்தொண்டையில், யாரையோ ரகசியமாகக் கூப்பிடுவதுபோல, ம்ம்ஹ்ம்ம்ஹ்ம் என்று. வைக்கோலை மூக்கால் புரட்டிப் புரட்டிக் கூப்பிட்டாள். நின்று காது கொடுப்பாள். பதில் வராது. மறுபடி. இரண்டு நாள். வளர்மதி காதைப் பொத்திக்கொண்டு உள்ளே படுத்துவிட்டாள், நான்தான் கொட்டகையில் இருந்தேன். பதில் சொல்ல முடிந்தால் நானே சொல்லியிருப்பேன். அந்தச் சத்தம் இன்னொரு தடவை பதில் இல்லாமல் இந்தக் கொட்டகையில் கேட்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. நெற்றிச் சுழி, பந்தயம், அந்தியூர்ப் பரிசு எல்லாம் கனகராசு பார்த்துக்கொள்ளட்டும்.

"ஏனுங் சென்னியப்பண்ணா, ஊரே கல்யாணத்துல இருக்குது, நீங்க குதரைக்குக் காவலா?" பாவாத்தாள். ஆடுகளை ஓட்டிக்கொண்டு கட்டுத்தறி வரைக்கும் வந்துவிட்டாள். தெற்கு வளவுக்காரி, வாய் ஓயாதவள், கெட்டவள் இல்லை. "ஆமா" என்றேன். "உங்களுக்குப் பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்படித்தானாமா? பொண்ணு காப்பியோட வந்து நிக்குது, மாப்பளயக் காணோம், எங்கடான்னு பாத்தா பொறவாசல்ல அவங்க எருமைக்குத் தண்ணி காட்டிட்டு நிக்கறீங்களாமா. எருமையத்தான் புடிச்சுப்போச்சோ என்னமோன்னு எங்கம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்." அந்த எருமைக்குத் தொட்டி காலியாக இருந்தது. அதை யாரும் சொல்வதில்லை. அந்தப் பெண்ணின் முகம் எனக்கு நினைவில்லை, தொட்டியில் பாசி பிடித்திருந்தது நினைவிருக்கிறது. "கெம்பு ஏனுங் இப்படி வேர்த்திருக்குது? இன்னிக்கே போட்டுருமாட்டம் இருக்குது!" "எட்டு நாள் இருக்குது." "உங்க கணக்கு உங்களுக்கு. இருங்க, ஆட்டக் கட்டிப்போட்டுட்டு எங்க நாத்தனாளுகளையும் கூட்டிக்கிட்டு வாரன். போன தடவயும் நாங்க பாக்கோணும்னு ஓடியாந்தமே." வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆடுகள் திரும்பின, அவளும் திரும்பிவிட்டாள், சொல் நாக்கிலேயே நின்றுவிட்டது, எப்போதும்போல.

வேர்த்துத்தான் இருக்கிறது. காதுக்குப் பின்னால் மட்டும் இல்லை, கழுத்து, விலா, பிடரி மயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொள்ளைத் தொடவில்லை. முன்காலால் வைக்கோலைப் பறிக்கிறாள், நான் கிண்ணம்போல் செய்ததைக் கலைக்கிறாள், கலைக்கட்டும். திரும்பித் தன் வயிற்றைப் பார்க்கிறாள், அங்கே யாரோ பேசினாற்போல. மாட்டுக்கு இப்படி இருந்தால் நான் இந்நேரம் வெந்நீர் வைத்திருப்பேன். ஆனால் மெழுகு வரவில்லையே, கால்நடை டாக்டரம்மா அதைத்தானே திரும்பத் திரும்பச் சொன்னார், காம்பில் மெழுகு வந்தால் கூப்பிடுங்கள் என்று. தினம் காலையில் பார்க்கிறேன். உருகி வழிந்த மெழுகுவத்திபோல வெள்ளையாக, நீளமாக ஒன்று தொங்கும் என்று காத்திருக்கிறேன். இல்லை. கூப்பிடலாமா? மெழுகு இல்லாமல் கூப்பிட்டால் என்ன சொல்வது? கணக்குப்படி நாள் இருக்கிறது, அடையாளம் வரவில்லை, ஆனால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றா? செல்லைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லப்போவதை ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். டாக்டரம்மா, நான் சென்னியப்பன் பேசறனுங்க. இரண்டாவது தடவை. கெம்பு பின்பக்கத்தைச் சுவரில் தேய்க்கிறாள். ஆணி இல்லாத சுவரில். நல்லவேளை. மூன்றாவது தடவை சொல்லிப் பார்க்காமலே பொத்தானை அழுத்திவிட்டேன்.

"டாக்டரம்மா, நான் சென்னியப்பன் பேசறனுங்க. கெம்பு, குதரை." "சொல்லுங்கய்யா. மெழுகு வந்துருச்சா?" "இல்லீங்க. தெனமும் பாக்கறனுங்க. காலையில வெந்நித் துணியில மடி தொடைக்கறப்பவே நல்லாப் பாத்துக்கறன்." "தொடைக்கறீங்களா? எதத் தொடைக்கறீங்க?" "காம்பு நுனியில மஞ்சளா, பிசினாட்டம் காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்குமுங்க. அழுக்கு. மூணு நாளா வருது. மாட்டுக்குத் தொடைக்கற மாதிரியேதான், ஒண்ணு இல்லாம எடுத்துருவனுங்க." "ஐயா" என்றார். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை. "ஐயா, அதுதான் மெழுகு." கையிலிருந்த துணியைப் பார்த்தேன். இதே துணி. மூன்று நாளாக வந்து வந்து சொல்லியிருக்கிறாள், நான் துடைத்துத் துடைத்துவிட்டு, இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். "வேர்த்திருக்குதா? தரையப் பறிக்குதா? அப்ப இன்னிக்குத்தான். நான் சத்தியமங்கலத்துல இருக்கறன், வர ஒரு மணி நேரமாவது ஆகும். கவனமாக் கேளுங்க. மாடு மாதிரி நெனச்சுக்காதீங்க, படுத்துருச்சுன்னா மளமளன்னு முடிஞ்சுரும். குதரைக்கு ஆள் பாத்தா ஆகாது, அடக்கிக்கும், அதனாலதான் பாதிக் குதரைக ராத்திரியில போடுது. யாரும் எதுக்க நிக்கக் கூடாது. நீங்களும்தான்." "நானும்ங்களா?" "நீங்களும்தான். மறைவா இருந்து காதக் குடுங்க. குட்டி வந்ததும் தும்மும். தும்மலீன்னா, மூக்கு மேல சவ்வு கிழியலீன்னா, அப்ப மட்டும் போய்க் கிழிச்சு மூக்கத் தொடைங்க. வேற எதையும் தொடாதீங்க. தொடைக்காதீங்க. கேக்குதுங்களா?" "கேக்குதுங்க."

இன்றைக்கு. எட்டு நாள் எங்கே போயிற்று, போகட்டும், இன்றைக்கு! சிறுவயதில் ரயில் வருவதற்கு முன் தண்டவாளத்தில் கை வைத்துப் பார்ப்போமே, அந்த அதிர்வு எனக்குள். கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன். குறுக்கு மூங்கிலைக் குனிந்து தாண்டிக் கொட்டகையைச் சுற்றிக் கிழக்கே வந்து, படலுக்கு இந்தப் பக்கம், முதுகைப் படலுக்குக் கொடுத்து உட்கார்ந்துகொண்டேன். இராத்திரிக்குக் காத்திருக்க மாட்டாள், இந்த வீட்டில் இராத்திரியில்தான் ஆள் அதிகம், டிவி, குழல்விளக்கு, கனகராசின் சிநேகிதர்கள். மூன்று வருஷத்தில் இதைவிட ஆளில்லாத நேரம் அவளுக்கு வாய்த்ததில்லை. அதைக் கணக்குப் பார்த்திருக்கிறாள். என்னைவிட நன்றாக எண்ணுகிறவள். பார்க்காதே. எண்பது ஆணிகளைத் தேடித் தேடிப் பிடுங்கியவனிடம், பார்க்காதே என்றால்? ஆனால் எனக்குத் தெரியாததா அது, ஒருவன் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் உடம்பு எப்படிப் பூட்டிக்கொள்ளும் என்று. வெயில் சாய்ந்து மேற்கேயிருந்து கொட்டகைக்குள் நுழைந்து, படல் இடுக்கு வழியாக எனக்கு முன்னால் வாசலில் விழுகிறது, கோடு கோடாக. கோடுகளுக்குக் குறுக்கே பெரிய நிழல் ஒன்று போகிறது, வருகிறது. கெம்பு! அவளைப் பார்க்காமலே அவளைப் பார்க்கலாம். திரும்புகிறாள். நிற்கிறாள். வால் தூக்குகிறாள், வேட்டிக் கிழிசல் சுற்றிய வால், வெண்டைக்காய் மாதிரி. ஒரு குடம் தண்ணீரை மொத்தமாகக் கவிழ்த்த சத்தம். பனிக்குடம். நிழல் மடிந்தது, முன்னால் முழங்கால், பிறகு பின்னால், பிறகு வாசலில் வெறும் கோடுகள். படுத்துவிட்டாள்.

அப்போதுதான் வேலியின் கடவுக் கதவு கிறீச்சிட்டது. பாவாத்தாள், பின்னால் இரண்டு நாத்தனார்கள், ஒருத்தி கையில் செல். "போட்டுருச்சுங்களா?" என்று அங்கிருந்தே கேட்கப்போகிறாள், வாய் திறந்துவிட்டது. படலுக்குப் பின்னால் வைக்கோல் சரசரத்தது, கெம்பு தலையைத் தூக்கிவிட்டாள், எழுந்துவிடுவாள், இப்போது எழுந்தால், மறுபடியும், போன தடவைபோல. எப்படி எழுந்தேன், எப்படிக் கடவுக்குப் போனேன் என்று தெரியவில்லை. மூன்று பேருடைய முகமும் என் முகத்துக்கு நேரே. "பாவாத்தா, போ." "ஐயோ, ஒரு ஓரமா நின்னு..." "ஒரு ஓரமும் இல்ல. போயிரு. மூணு பேரும். அந்தப் புளியமரத்துக்கு அக்கட்ட போயிருங்க." சத்தம் போடவில்லை, அவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரிதான் சொன்னேன், ஆனால் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். பாவாத்தாள் வாயை மூடிவிட்டாள். பிறகு நாத்தனாரைப் பார்த்து, "வா புள்ள, அண்ணன் பேசறாரு" என்று ஏதோ கோயிலில் சொல்வதுபோல மெல்லச் சொல்லி, நிஜமாகவே நுனிக்காலில் நடந்துபோனாள்.

படல். முதுகு. காது. அவள் எழவில்லை. ஒரு முனகல், பெரிய மரம் இழைவதுபோல. மூச்சு. முனகல். மூச்சு. நானும் அவளோடு மூச்சைப் பிடிக்கிறேன், விடுகிறேன், என் வயசுக்கு இது ஆகாது, பரவாயில்லை. எண்ண வேண்டாம் என்று நினைக்கிறேன், எண்ணுகிறேன், முனகல் ஆறு, ஏழு, நடுவில் விட்டுப்போயிற்று, முதல்முறையாக ஒரு எண்ணிக்கை விட்டுப்போகிறது, போகட்டும். ஒரு வழுக்கல் சத்தம், ஈரமான, கனமான. பிறகு கெம்புவின் மூச்சு மட்டும். தும்மல்? தும்மல் எங்கே? துணியை நனைத்து உதறினாற்போல ஏதாவது? ஒன்றும் இல்லை. புளியமரத்தில் கிளி. வேறு ஒன்றும் இல்லை. இடுக்கில் கண்ணை வைத்தேன். வைக்கோலில் வெளுத்த ஒரு பை, உள்ளே கால்கள், ஒன்றுக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று, அவற்றின் மேல் தலை, தலைக்கு மேல் சவ்வு கிழியாமல், நனைந்த முக்காடுபோல. சவ்வு உள்ளுக்கு இழுக்கிறது. மூச்சுக்கு முட்டுகிறது. இந்தத் தடவையும் மூச்சா. இல்லை. ஓடினேன், குனிந்தேன், மூங்கில் முதுகில் இடித்தது, முழங்காலில் விழுந்தேன், நகத்தால் கிள்ளினேன், வழுக்கியது, இரண்டு கையாலும் பற்றி இழுத்தேன். கிழிந்தது. சூடான தண்ணீர் கையெல்லாம். துணி தோளில் இருந்தது. மூக்கைத் துடைத்தேன், ஒரு துளை, இன்னொரு துளை, உள்ளே விரல் விட்டுக் கோழையை எடுத்துத் துடைத்தேன், இதற்குத்தான் இந்தக் கை, துடை, துடை. குட்டி தும்மியது. என் முகத்தில். இன்னொரு தடவை தும்மித் தலையை உதறியது, நனைந்த காது இரண்டும் பட்பட்டென்று கன்னத்தில் அடித்துக்கொண்டன. செவலை. தாயைவிட ஒரு பிடி வெளுத்த செவலை. குளம்புகள் நுங்குபோல மெத்தென்று. விலாவெல்லாம் கொழகொழவென்று வைக்கோல் ஒட்டிக்கிடக்கிறது, கை தானாகத் துணியோடு நீள்கிறது, அதைத் துடைத்து, இதை எடுத்து. வேண்டாம். கெம்பு தலையைத் திருப்பி என்னைப் பார்க்கிறாள். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். துணியைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நகர்ந்து வெளியே வந்துவிட்டேன்.

மறுபடி படலுக்கு இந்தப் பக்கம். கை சட்டையெல்லாம் ஈரம், எனக்குச் சிரிப்பு வருகிறது, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறேன், அறுபத்தாறு வயசில். வைக்கோல் சரசரத்து வாசலில் பெரிய நிழல் எழுந்தது, நான்கு கால், தலை தாழ்ந்தது. நாக்கால் நக்குகிற சத்தம். பிறகு அது. ம்ம்ஹ்ம்ம்ஹ்ம். அடித்தொண்டையில், யாரையோ ரகசியமாகக் கூப்பிடுவதுபோல. அவள் நின்று காது கொடுக்கிறாள், நிழலில் காது இரண்டும் முன்னால் நீண்டு. நானும் காது கொடுக்கிறேன். கிளி கத்தாதே. கீழேயிருந்து, வைக்கோலுக்குள்ளிருந்து, கிழிந்த பீப்பிபோல ஒரு சின்னச் சத்தம் வந்தது.

செல் அடித்தது. எழுந்து வேலிவரை ஓடிப்போய் எடுத்தேன். பின்னால் மேளம், பாத்திரச் சத்தம், வளர்மதி. "சின்ன மாமா, சாப்புட்டீங்களா? கெம்பு எப்படி இருக்குதுங்க? எனக்கு என்னமோ மனசே இங்க இல்லீங், நாங்க இப்பவே கெளம்பறமுங்." வாய்வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அவள் அழுவாள், சந்தோஷத்தில் அழுவாள், கனகராசு வண்டியைப் பறக்கவிடுவான், பத்துப் பேர் ஏறிக்கொள்வார்கள், வாசல் நிறையும். அவளிடம் மட்டும் சொல்லலாம். "கண்ணு, நீ தனியாக் கேளு. சத்தம் போடாத." "என்னுங் மாமா?" "நிக்கறதுக்குள்ள யாரும் பாக்க வேண்டாம். அது எழுந்து நின்னுரட்டும். எல்லாரையும் ரெண்டாவது தடவ பாயசம் வாங்கிச் சாப்புடச் சொல்லிட்டு மெதுவா வா." "எது நிக்கோணும்?" என்றாள், குரலே இல்லாமல். "அதுதான்" என்றேன். வைத்துவிட்டேன்.

வந்து உட்கார்ந்துகொண்டேன். வெயில் இன்னும் தாழ்ந்து நிழல்கள் வேலிவரை நீண்டிருக்கின்றன. படலின் மூங்கில் கோடுகளும் கால்களின் கோடுகளும் ஒன்றோடொன்று கலந்து எது எதுவென்றே தெரியவில்லை. அசைகிறவற்றை மட்டும் எண்ணினால் போதும். பெரியது நான்கு. அவற்றுக்கு நடுவே மெலிந்தது ஒன்று, இரண்டு, பின்பக்கம் உயர்கிறது, முன்பக்கம், தொப்பென்று விழுந்தது. சரி. யாரும் பார்க்கவில்லை. மறுபடி. ஒன்று, இரண்டு, மூன்று, சுவர்ப் பக்கம் சாய்கிறது, சாயட்டும், அங்கே ஒன்றும் இல்லை, நான் தடவிப் பார்த்துவிட்டேன். விழுந்தது. கெம்பு அடித்தொண்டையில் ஏதோ சொல்கிறாள். டாக்டரம்மாவின் வண்டிச் சத்தமா அது, தூரத்தில்? இன்னும் கொஞ்சம் மெதுவாக வாருங்கள், அம்மா. மறுபடி. ஒன்று, இரண்டு. மூன்று. நடுங்குகிறது, அகல விரிந்து நடுங்குகிறது, நான்கு. விழவில்லை. விழவில்லை. எட்டு. மூங்கில் ஏதாவது சேர்ந்துவிட்டதா? முதலிலிருந்து எண்ணுகிறேன். எட்டு.